பென்சிலால் எழுதிய பெயர்

அப்பாவின் ஜெபக்குறிப்பு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கெட்டி அட்டை போட்ட பழைய கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள், இரண்டாம் பக்கத்தில் நோயாளிகள், மூன்றாவதில் ஊழியக்காரர்கள். நான்காம் பக்கத்தின் தலைப்பு, 'அதிகாரமுள்ள யாவரும்'. மற்றப் பக்கங்களில் எல்லாம் நீல மை. இந்தப் பக்கம் மட்டும் பென்சில். முதல் வரி நாட்டின் தலைவருக்கானது. ஆட்சி மாறும்போதெல்லாம் அப்பா பழைய பெயரை ரப்பரால் அழித்துவிட்டு அதே இடத்தில் புதுப்பெயரை எழுதுவார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது. விரலால் தடவினால் பஞ்சுபோல் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முந்தைய பெயர்களின் அழுத்தம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பக்கத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் பெயரும் ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம்.

சமீபத்தில் ஆட்சி மாறியது. பதவியேற்பு முடிந்த அன்று இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய பெயரை அழித்தேன். அது நான் ஓட்டுப் போட்டவரின் பெயர். ரப்பர் துகளை ஊதித் தள்ளினேன். புதுப்பெயரை எழுதப் பென்சிலை வைத்தபோது கை ஓடவில்லை. நோட்டை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். மூன்று நாள் அந்த வரி காலியாகவே இருந்தது.

எந்தத் தலைவர், எந்தக் கட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். நான் சொல்ல வந்தது அந்தப் பெயருக்கு முன்னால் எனக்கு ஏன் கை நின்றது என்பதைப் பற்றி.

நான் பழமைவாதக் கிறிஸ்தவன். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள், தெரியும். வேதத்தை ஆண்டவருடைய வார்த்தையாக அப்படியே நம்புகிறேன். தாயின் கருவிலிருக்கும் குழந்தையும் தேவசாயலில் உண்டான உயிர் என்று நம்புகிறேன். திருமணம் என்பது ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் தேவன் இணைப்பது என்று நம்புகிறேன். பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்பதில் அரசாங்கத்துக்கு முன்னால் பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு என்று நம்புகிறேன். இவையெல்லாம் எனக்குக் கருத்துகள் அல்ல, விசுவாசத்தின் பகுதி. புதிதாக வந்திருப்பவர் இதில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எனக்கு எதிர்ப்பக்கம். ஆகவே எனக்கு வந்தது வெறும் கட்சி தோற்ற வருத்தம் இல்லை. என் பிள்ளைகள் எப்படிப்பட்ட நாட்டில் வளரப்போகிறார்கள் என்ற பயம். அந்தப் பயம் இப்போதும் போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

நான்காம் நாள் காலையில் அந்தப் பக்கத்தின் தலைப்பு எங்கிருந்து வந்ததோ அந்த வசனத்தைத் திறந்தேன். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம். எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும் செய்யவேண்டியவை என்று பவுல் நான்கைச் சொல்கிறார்: விண்ணப்பங்கள், ஜெபங்கள், வேண்டுதல்கள், ஸ்தோத்திரங்கள். சிறுவயதிலிருந்து மனப்பாடமான வசனம்தான். ஆனால் அன்று நான்காவது சொல்லில் முட்டிக்கொண்டேன்.

விண்ணப்பம் சரி. அவருடைய மனதை மாற்றும் என்று விண்ணப்பம் பண்ணலாம். வேண்டுதலும் சரி, அவர் கொண்டுவரும் சட்டங்களிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று வேண்டிக்கொள்ளலாம். ஸ்தோத்திரம் எப்படி? இவருக்காக நான் எதற்கு நன்றி சொல்வது? பவுல் அதை எழுதியபோது ரோமாபுரியில் சிங்காசனத்தில் இருந்தவன் நீரோ. 54 முதல் 68 வரை ஆண்டவன். 64-ல் ரோமாபுரி எரிந்தபோது பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு, அவர்களை இரவில் விளக்காக எரித்தவன் என்று ரோம சரித்திரக்காரன் டாசிட்டஸே எழுதியிருக்கிறான். அந்த ஆட்சியின் கீழேதான் பவுல் தலைவெட்டப்பட்டார் என்று சபையின் பாரம்பரியம் சொல்கிறது. அப்படிப்பட்டவனையும் சேர்த்துத்தான் 'யாவருக்காகவும்' என்கிற சொல் நிற்கிறது. அதற்குப் பிறகு என்னிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

சரி, உடனே நோட்டைத் திறந்து எழுதிவிட்டேனா என்றால், இல்லை. இன்னொன்று குறுக்கே வந்தது. அதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, அழித்த பழைய பெயரின் தடம் அந்தத் தாளில் தெரிந்தது. எத்தனை நாள் அந்தப் பெயருக்காக நான் ஜெபித்தேன் என்று யோசித்தேன். அவர் ஜெயித்த புதிதில் ஒரு மாதம் இருக்கும். ஸ்தோத்திரம் மட்டும் நிறையச் சொன்னேன். அப்புறம் மெல்ல மெல்ல நின்றுபோனது. நம்முடைய ஆள் உட்கார்ந்துவிட்டார், நமக்கு வேண்டியது நடக்கிறது, இனி என்ன என்ற நினைப்பு. தோற்றபோது மண்டியிடுகிறவன் ஜெயித்தபோது நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அவருடைய பெயர் நோட்டில் இருந்தது, என் வாயில் இல்லை.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. எங்கள் சபையில் வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஜெபக்குழு கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். நான்தான் நடத்துவேன். எங்களவர் ஆட்சியில் இருந்த நாட்களில், ஒரு வாரம் அவர் பகிரங்கமாக ஒரு பொய் சொன்னார். பொய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரக் கூட்டத்தில் தேசத்துக்காக ஜெபிக்கும் முறை வந்தபோது, குழுவில் மூத்த அக்கா ஒருவர் ஜெபித்தார். "ஆண்டவரே, எங்கள் தலைவருடைய நாவைக் காத்துக்கொள்ளும். அவர் பொய் பேசாதபடி செய்யும். அவரைச் சுற்றி உண்மை சொல்லுகிற ஒருவரையாவது நிறுத்தும்" என்றார். வழக்கமாக ஒவ்வொரு வரிக்கும் ஆமென் வரும். அன்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டது.

கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, ஜெபத்தில் அரசியல் வேண்டாமே" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி தம்பி" என்றார். அதற்குப் பிறகு அந்த ஆட்சி முடியும்வரை, தேசத்துக்காக ஜெபிக்கும் பகுதியில் அவர் வாய் திறக்கவில்லை.

தாவீது ராஜா செய்த பாவத்தைத் தீர்க்கதரிசி நாத்தான் போய் அவன் முகத்துக்கு நேரே, "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னதை நான் பிரசங்கமாகவே சொல்லியிருக்கிறேன். தாவீது ஆண்டவருடைய இருதயத்துக்கு ஏற்றவன், நம்முடைய பக்கத்து ராஜா. நாத்தான் போனது அவனிடம்தான். எதிரியான பெலிஸ்தரின் ராஜாவிடம் போய்ச் சொல்வது சுலபம், அதைச் செய்யத் தீர்க்கதரிசி வேண்டியதில்லை. எங்கள் குழுவில் ஆண்டவர் வைத்திருந்த ஒரு நாத்தானை வாயடைத்தது நான்தான்.

இந்த இடத்தில் எங்களைப் போன்ற சபைகளில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். தேர்தலுக்கு முன்னால், எங்களவர்தான் மறுபடியும் வருவார் என்று கர்த்தர் தனக்குச் சொன்னதாகச் சிலர் மேடையில் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். வரவில்லை. வராதபிறகு ஒருவரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்க்கவில்லை. 'இன்னும் கொஞ்ச நாளில் இந்த ஆட்சி கவிழும்' என்று தேதியைத்தான் தள்ளிப்போட்டார்கள். எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் கள்ளத் தீர்க்கதரிசி அனனியா இப்படித்தான் செய்தான். பாபிலோன் ராஜாவின் நுகம் இரண்டு வருஷத்தில் உடையும் என்றான். ஜனங்களுக்கு அது இனிப்பாக இருந்தது. எரேமியாவோ எழுபது வருஷம் என்றார். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம் அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம் பண்ணுங்கள். அந்தப் பட்டணம் பாபிலோன். தங்கள் ராஜாவைச் சிறையாகக் கொண்டுபோனவனுடைய பட்டணம். வேதத்தை அப்படியே நம்புகிறோம் என்று சொல்கிற நாம், நிறைவேறாத தீர்க்கதரிசனத்தைக் கண்டும் காணாமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை. உபாகமம் 18 தெளிவாகச் சொல்கிறது, சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னது அல்ல.

ஜெபத்தில் ஒரு தலைவரின் பெயரைச் சொல்வதும் விடுவதும் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வாரம் முழுக்க இவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் ஃபிலடெல்ஃபியா கிறைஸ்ட் சர்ச்சின் போதகர் ஜேக்கப் டூஷே. ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் இங்கிலாந்து ராஜாவுக்கான ஜெபம் அச்சிலேயே இருக்கும். 1776 ஜூலை 4, அமெரிக்கா சுதந்திரப் பிரகடனத்தை ஏற்ற அதே நாளில், அந்தச் சபையின் கமிட்டி கூடி ராஜாவுக்கான ஜெபங்களை விட்டுவிடுவது என்று தீர்மானித்தது. ராஜாவின் பெயர் வருகிற இடங்களில் எல்லாம் மையால் கோடு போட்டு அடித்த அந்தப் புத்தகம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே டூஷே அடுத்த வருஷம், பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்தபின், சுதந்திரத்தைக் கைவிடும்படி அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். கோடு போட்டபோது அவர் மனம் எங்கே இருந்தது, கடிதம் எழுதியபோது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவரை நியாயம்தீர்க்க நான் யார்? ஜெயிக்கிறவன் பக்கமாக மனம் எப்படிச் சாயும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்னிடமே பார்த்துவிட்டேன்.

மற்றவர் வில்லியம் சான்கிராஃப்ட், கான்டர்பரி பேராயர். இவரைப் பற்றி வாசித்தபோது எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். 1688-ல் ராஜா இரண்டாம் ஜேம்ஸ் ஒரு பிரகடனத்தை எல்லா ஆலயங்களிலும் வாசிக்கச் சொன்னார். கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையாருக்கும் எதிரான சட்டங்களை நிறுத்திவைக்கும் பிரகடனம் அது. இன்று வாசித்தால் அதிலுள்ள மதச் சுதந்திரம் நல்லதாகவே தோன்றும். ஆனால் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை ராஜா தன் இஷ்டத்துக்கு ஒதுக்கிவைக்க முடியாது என்பது பேராயரின் வாதம். அவரும் இன்னும் ஆறு பிஷப்புகளும் அதை வாசிக்க வைக்க வேண்டாம் என்று ராஜாவிடமே மனு கொடுத்தார்கள். ராஜா ஏழு பேரையும் லண்டன் டவரில் அடைத்தார். வழக்கு நடந்து ஜூன் 30-ல் விடுதலையானார்கள். ஊரே கொண்டாடியது.

அந்த வருஷமே ஜேம்ஸ் ஓடிப்போனார். வில்லியமும் மேரியும் அரியணை ஏறினார்கள். தன்னைச் சிறையில் போட்ட ராஜா ஒழிந்தார் என்று சான்கிராஃப்ட் நிம்மதியடைந்திருக்க வேண்டும், இல்லையா? புதிய அரசு கேட்ட விசுவாசப் பிரமாணத்தை எடுக்க அவர் மறுத்துவிட்டார். ஜேம்ஸுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, ஜேம்ஸ் உயிரோடு இருக்கிறார், தேவனுக்கு முன்பாகச் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியாது என்பது அவர் நிலை. சிறைக்குப் போன ஏழு பேரில் ஐந்து பேர் இப்படியே மறுத்தார்கள். ஏறக்குறைய நானூறு குருமார் பதவி இழந்தார்கள். 1690-ல் சான்கிராஃப்ட் பேராயர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பிறந்த கிராமத்துக்குத் திரும்பிப்போய் 1693-ல் அங்கேயே இறந்தார்.

அவர் கடைசியில் எடுத்த முடிவு சரியா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிப்போன ராஜாவுக்குக் கொடுத்த வாக்கு காலமெல்லாம் கட்டுப்படுத்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மனுஷனைப் பாருங்கள். ராஜாவுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று உயிருக்குயிராக நம்பியவர், மனசாட்சி இடம் கொடுக்காத இடத்தில் அதே ராஜாவுக்கு முகத்துக்கு நேரே முடியாது என்றார். அந்த ராஜா விழுந்தபோது அதில் லாபம் பார்க்கவும் மறுத்தார். அவரை மதித்ததற்கும் எதிர்த்ததற்கும் ஒரே காரணம்தான். நான் என்னவென்றால், எங்களவரை எதிர்க்கவேண்டிய இடத்தில் எதிர்க்கவில்லை, இப்போது வந்திருப்பவரை மதிக்கவேண்டிய இடத்தில் மதிக்க மாட்டேன் என்கிறேன்.

அந்த மூன்று நாளில் செய்த ஒரு காரியத்தையும் எழுதிவிடுகிறேன். புதிய தலைவர் பதவியேற்பில் ஒரு வார்த்தையில் தடுமாறியதை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சிரிப்புச் சத்தம் சேர்த்த வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. சிரித்தேன். ஏழெட்டுப் பேருக்கு அனுப்பினேன். இரவில் ஒன்று சாமுவேல் 24-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. குகைக்குள் சவுல் ராஜா தனியாக அகப்பட்டபோது தாவீது அவனைக் கொல்லவில்லை. சால்வைத் தொங்கலை மட்டும் சத்தமில்லாமல் அறுத்தான். ஒரு துண்டுத் துணிதான். ஆனாலும் அதற்காகவே அவன் மனது அடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறது. தன்னை வேட்டையாடிக்கொண்டிருந்தவனுடைய சால்வை அது. எனக்கு இந்தத் தலைவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை, அவரை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. அனுப்பியவர்களுக்கெல்லாம் தனித்தனியாக, அனுப்பியது தப்பு என்று எழுதினேன். இரண்டு பேர் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒருவர் அழித்துவிட்டதாகச் சொன்னார்.

இதனால் என் நிலைப்பாடு ஒன்றும் மாறிவிடவில்லை. அவருடைய சட்டங்கள் கருவிலுள்ள பிள்ளைக்கு விரோதமாக வந்தால் எதிர்த்து எழுதுவேன், அடுத்த தேர்தலில் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். என் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் கற்றுக்கொடுப்பதை ஒரு எழுத்துகூட மாற்றமாட்டேன். மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று பேதுரு சொன்ன நாள் எனக்கும் வந்தால், அந்த விலையைக் கொடுக்கப் பெலன் தரும்படி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கர்த்தேஜில் இருந்த ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197 வாக்கில் எழுதியது எனக்குப் போதுமான வழியாகத் தெரிகிறது. பேரரசனுக்கு நீண்ட ஆயுளும், பத்திரமான ராஜ்யமும், பாதுகாப்பான வீடும் கேட்டு நாங்கள் ஜெபிக்கிறோம் என்றார். அவனைக் கடவுள் என்று மட்டும் சொல்லமாட்டோம் என்றார். எங்களவரை நாங்கள் கடவுள் என்று வாயால் சொல்லவில்லை. அவர் தோற்றபோது எங்கள் வீட்டில் இருந்த இருட்டு வேறு ஏதோ சொன்னது.

நான்காம் நாள் ராத்திரி எழுதினேன். தாள் மெலிந்த இடம் என்பதால் பென்சிலை அழுத்தவில்லை. ஸ்தோத்திரத்துக்கு என்ன செய்வது என்று வெகு நேரம் தெரியவில்லை. கடைசியில், ஆட்சி ஒரு உயிர்கூடப் போகாமல் கைமாறியதற்காக நன்றி சொன்னேன். எங்களவர் அரண்மனையை விட்டு நடந்து போனார், இவர் நடந்து வந்தார். வேதத்தில் ராஜாக்களின் புத்தகங்களை வாசித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இரக்கம் என்று தெரியும். ஒரு ராஜா எழும்பும்போது முந்தினவன் வீட்டார் எல்லோரும் வெட்டப்பட்ட அதிகாரங்கள் அதில் எத்தனை. அப்புறம் அவருடைய உடல்நலத்துக்காக, அவருடைய பிள்ளைகளுக்காக, ராத்திரியில் அவருக்கு நல்ல தூக்கம் வருவதற்காகக் கேட்டேன்.

அந்த வாரம் ஜெபக்குழு கூடியது. பதினொரு பேர். தேசத்துக்காக ஜெபிக்கும் பகுதி வந்தபோது, "அக்கா, நீங்க ஜெபிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எங்கள் தலைவருடைய நாவைக் காத்துக்கொள்ளும். அவர் பொய் பேசாதபடி செய்யும். அவரைச் சுற்றி உண்மை சொல்லுகிற ஒருவரையாவது நிறுத்தும்."

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகள். தலைவர் மட்டும் மாறியிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் ஆமென் வந்தது, உரக்க வந்தது. எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "அன்றைக்கு உங்களை அப்படிச் சொன்னது தப்பு அக்கா. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"நான் அவருக்காக ஜெபிக்கிறதை விடலை தம்பி" என்றார். "வீட்டில் பண்ணினேன். இன்னும் பண்ணுறேன். அவர் பேரும் நோட்டில் இருக்கட்டும், பதவி போனா என்ன?"

வீட்டுக்கு வந்து நான்காம் பக்கத்தைத் திறந்தேன். பென்சில் வரியை விட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பி, நோயாளிகளின் பெயர்களுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பேனாவை எடுத்து எங்களவர் பெயரை அங்கே எழுதினேன்.